கண்ணாடி ஏற 14 நொடி: 1996 பென்ஸ் ஈ 220 காரின் பவர் விண்டோ, ஒரு நிகழ்வு ஆய்வு

போன நவம்பரில் ஒரு மாலை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. பார்க்கிங் சீட்டு வாங்க டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கினேன். சீட்டை வாங்கிவிட்டு சுவிட்சை இழுத்தால், கண்ணாடி பாதி வரை ஊர்ந்து வந்து நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் தோளில் மழையோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு மறுபடி அழுத்தியதும், எதுவுமே நடக்காததுபோல மெல்ல ஏறி மூடிக்கொண்டது.

கார் 1996-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் ஈ 220. டபிள்யூ 124 என்ற வரிசையைச் சேர்ந்தது. ஜெர்மனியில் 1984 இறுதியில் வந்த வடிவம் இது. இந்தியாவில் 1995-ல் புனேயில் பாகங்களைப் பூட்டித் தயாரிக்கத் தொடங்கினார்கள். பென்ஸ் இந்தியாவில் தயாரித்த முதல் கார் இதுதான். முன் கண்ணாடியில் ஒரே ஒரு வைப்பர் முன்னும் பின்னும் நீண்டு சுருங்கித் துடைப்பதை இன்றும் சிக்னலில் சிறுவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இதன் எஞ்சினைவிட இதன் கதவுகள் மூடும் சத்தம்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். அதனால் அந்தக் கதவுக்குள் நோய் என்றபோது மனசு கேட்கவில்லை.

கண்ணாடி ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. இரண்டு வருடமாகவே மந்தமாகிக்கொண்டு வந்தது. வயசான கார் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

அறிகுறிகளை முதலில் எழுதி வைத்தேன். எஞ்சின் ஓடும்போது டிரைவர் கண்ணாடி முழுதாக ஏற 14 நொடி, இறங்க 8 நொடி. பக்கத்து இருக்கையின் கண்ணாடி ஏற 6, இறங்க 5. எஞ்சினை நிறுத்தி சாவியை மட்டும் போட்டால் டிரைவர் பக்கம் இன்னும் மோசம். இரண்டு மூன்று முறை தொடர்ந்து ஏற்றி இறக்கினால் நடுவில் நின்றுவிடும், கொஞ்சம் ஆறியதும் திரும்ப ஓடும். இந்தக் கடைசி அறிகுறிக்கு விளக்கம் எளிது. இம்மாதிரி மோட்டார்களுக்குள் சூடேறினால் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும் ஒரு சிறு உலோகப் பட்டை இருக்கும். மோட்டார் தன் சக்திக்கு மேல் உழைக்கிறது என்று அது சொல்கிறது. ஏன் அப்படி உழைக்கிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

"மோட்டார் போச்சு அண்ணே"

வழக்கமாகப் போகும் எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். நல்ல பையன், கை சுத்தம். கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றி, மோட்டாருக்குப் போகும் கனெக்டரைப் பிடுங்கி, அதில் மீட்டரை வைத்து சுவிட்சை அழுத்தினான். 13.9 வோல்ட் காட்டியது. பேட்டரியில் எவ்வளவோ அவ்வளவும் இங்கே வந்து நிற்கிறது. "கரண்ட் ஃபுல்லா வருது. மோட்டார் போச்சு அண்ணே, புதுசு போட்டுடலாம்" என்றான்.

நம் ஊரில் நூறு கார்களில் இந்தச் சோதனை இப்படித்தான் நடக்கிறது. நூறு நல்ல மோட்டார்கள் குப்பைக்குப் போவதும் இப்படித்தான். அந்தப் பையனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கும் பல வருடம் இது தெரியாது.

வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். குழாய்க்குள் துருவும் உப்பும் அடைத்து நூல் அளவுதான் வழி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டேப்பை மூடி வைத்திருந்தால் டேப் வாயில் அழுத்தம் முழுதாக இருக்கும். திறந்தால்தான் சொட்டுச் சொட்டாக வரும். கனெக்டரைக் கழற்றி அளப்பது, டேப்பை மூடி வைத்து அளப்பது மாதிரி. மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. கருகிய சுவிட்ச், துருப்பிடித்த ஃபியூஸ் முனை, தளர்ந்த எர்த் எல்லாம் வழியில் இருந்தாலும் மீட்டருக்கு அவை தெரியாது. மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கும் அந்த நேரத்தில்தான் அவை வாயைத் திறக்கும்.

ஆகவே கனெக்டரைத் திரும்ப மாட்டச் சொல்லி, டோர் பேடைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கண்ணாடி ஓடும்போது அளந்தது

தேவைப்பட்டவை ஒரு சாதாரண மல்டிமீட்டர், டிசி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர், சுவிட்சை அழுத்த ஒரு ஆள். ஆளாக என் தம்பி மகன். ஊசி முனைகளை கனெக்டரின் பின்பக்கமாக ஒயரை ஒட்டி உள்ளே விட்டு, கனெக்டர் மாட்டியபடியே அளக்க வேண்டும்.

எஞ்சின் ஓட்டத்தில், கண்ணாடி ஏறும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். மோட்டார் முனைகளில் 9.4. வழியில் 4.5 வோல்ட் காணாமல் போயிருந்தது. கிளாம்ப் மீட்டர் 11 ஆம்பியர் காட்டியது. பக்கத்துக் கதவில் இதே அளவுகள் 12.3 வோல்ட், 6.5 ஆம்பியர்.

இந்த நான்கு எண்களிலேயே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது. வோல்ட் குறைந்தால் மின்வழியில் கோளாறு. ஆம்பியர் கூடினால் கண்ணாடியோ அதை ஏற்றி இறக்கும் மிஷினோ எங்கோ இறுக்கிப் பிடிக்கிறது, அல்லது மோட்டாருக்குள் ஏதோ உரசுகிறது. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் வோல்ட் சரியாக வந்தும் ஆம்பியர் குறைவாக இருக்கும். என் காரில் வோல்ட் குறைவு, ஆம்பியர் அதிகம். அதாவது ஒரே நேரத்தில் இரண்டு நோய், ஒன்றை ஒன்று வளர்த்துவிட்டிருந்தன. இறுக்கம் கூடினால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். அதிகக் கரண்ட் போனால் கெட்டுப்போன இணைப்புகளில் அதிக வோல்ட் விழும், அங்கே சூடும் ஏறும். சூட்டில் இணைப்பு இன்னும் கருகும்.

இங்கே ஒரு கேள்வி வரும். 12.3-க்குப் பதில் 9.4 வோல்ட் என்றால் நான்கில் ஒரு பங்குதானே குறைந்தது, வேகம் ஏன் பாதிக்கும் கீழே போனது? மோட்டாரின் செம்புச் சுற்றுக்கும் மின்தடை உண்டு என்பதுதான் பதில். இந்த மோட்டாருக்கு அது ஏறத்தாழ அரை ஓம் என்று பின்னால் தெரிந்தது. 11 ஆம்பியர் அதன் வழியே போனால் 5.5 வோல்ட் உள்ளேயே தீர்ந்துவிடும். 9.4-ல் அது போக 3.9 வோல்ட்தான் வேகத்துக்கு மிச்சம். பக்கத்துக் கதவில் 6.5 ஆம்பியருக்கு 3.3 வோல்ட் போக 9 மிச்சம். 3.9-க்கும் 9-க்கும் உள்ள விகிதம்தான் 6 நொடிக்கும் 14 நொடிக்கும் உள்ள விகிதம். தாளில் போட்டுப் பார்த்து, கடிகாரத்தோடு அது ஒத்துப்போனபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

அடுத்து அந்த 4.5 வோல்ட் எங்கெங்கே விழுகிறது என்று பார்த்தேன். மீட்டரின் ஒரு முனையை வழியின் ஒரு இடத்திலும் மறுமுனையை அடுத்த இடத்திலும் வைத்து, கண்ணாடியை ஓட்டினால் நடுவில் விழும் வோல்ட் நேராகத் தெரியும். பேட்டரியிலிருந்து ஃபியூஸின் மறுபக்கம் வரை 0.9. அங்கிருந்து சுவிட்ச் வரை ஒயரில் 0.3. சுவிட்சுக்குள் 1.4. சுவிட்சிலிருந்து மோட்டார் வரை 0.4, மோட்டாரிலிருந்து திரும்பி சுவிட்ச் வரை 0.3. திரும்பி வரும் கரண்டும் அதே சுவிட்ச் வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது. அந்தத் தொடுமுனையில் 0.8. அங்கிருந்து பாடி எர்த் வரை 0.4. கூட்டினால் சரியாக 4.5.

திரும்பும் வழியை அளக்க மறந்துவிடக் கூடாது. பிளஸ் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று எழுந்து போகிறவர்கள் அதிகம். என் காரில் 1.5 வோல்ட் திரும்பும் வழியில்தான் போனது.

நான் முதலில் சந்தேகப்பட்டது கதவுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழலை. கதவு திறந்து மூடும்போதெல்லாம் அதற்குள் ஒயர்கள் மடங்குகின்றன, பழைய கார்களில் இழை இழையாக அறுந்துபோவதும் அங்கேதான். ரப்பரைப் பின்னால் தள்ளி ஒவ்வொரு ஒயராக வளைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அளவுகளும் அங்கே சுத்தம் என்றே சொல்லியிருந்தன. அரை நாள் வீண்.

சுவிட்சும் ஃபியூஸும்

இந்தக் காரில் கண்ணாடி சுவிட்சுகள் கதவில் இல்லை, கியர் லீவரின் இரு பக்கமும் உள்ள கன்சோலில் இருக்கின்றன. முப்பது வருடத் தூசியும் சிந்திய காபியும் நேராக அதற்குள் போகும். சுவிட்சைப் பிரிக்கும்போது ஒரு பாலித்தீன் பைக்குள் கையை விட்டுப் பிரியுங்கள். உள்ளே இருக்கும் குட்டி ஸ்பிரிங் தெறித்து சீட்டுக்கு அடியில் போனால் கிடைக்காது. தொடுமுனைகள் கரிக்கட்டை மாதிரி இருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும், ஆறே மாதத்தில் மறுபடி கருகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்து, பிடிவாதமான கரியை மட்டும் கண்ணாடி இழைப் பென்சிலால் மெல்லத் தேய்த்தேன். தம்பி மகன் டார்ச் பிடித்தான்.

ஃபியூஸ் இன்னும் எளிது. டபிள்யூ 124-ல் பானெட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில், இரண்டு முனையும் கூராக இருக்கும் பழைய பாணி ஃபியூஸ்கள். வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16, நீலம் 25. அவற்றை ஸ்பிரிங் தகடுகள் பிடித்திருக்கும். அந்த முனையில் படியும் துருப்படலம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரலில் சுழற்றினால் நறநறவென்று தெரியும். யாரோ மலிவான அலுமினியப் பட்டை ஃபியூஸ் போட்டிருந்தார்கள். தகடுகளைச் சுத்தம் செய்து, செம்புப் பட்டை உள்ள ஃபியூஸை அதே ஆம்பியரில் மாட்டினேன். பெரியதாகப் போட்டால் நன்றாக ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃபியூஸ் வேகத்தைக் கூட்டாது, ஒயரைக் காப்பாற்ற மட்டும்தான் அது அங்கே இருக்கிறது. எர்த் போல்ட்டையும் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்கினேன்.

மறுபடி அளந்தேன். இப்போது மொத்த இழப்பு 1.8 வோல்ட். மோட்டாருக்கு 12.1 வருகிறது. கண்ணாடி 8 நொடியில் ஏறியது.

14 எங்கே, 8 எங்கே! வேலை முடிந்தது என்று டோர் பேடைத் திரும்ப மாட்டக் கை துடித்தது. ஆனால் கிளாம்ப் மீட்டர் இன்னும் 11 ஆம்பியரில்தான் நின்றது. மின்வழியைச் சரிசெய்ததால் இறுக்கம் குறையவில்லை, அதை மறைக்க மட்டும் முடிந்திருக்கிறது. இங்கே நிறுத்தியிருந்தால் சுத்தம் செய்த அதே தொடுமுனைகள் மறுபடி கருகியிருக்கும்.

கதவுக்குள்

கண்ணாடியை முழுதாக ஏற்றி, அகலமான டேப்பால் மேல் சட்டத்தோடு சேர்த்து ஒட்டினேன். இதில் சோம்பல் கூடாது. மிஷினைக் கழற்றும்போது கண்ணாடி விழுந்தால் விரல் போகும், கண்ணாடியும் போகும். பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டேன். இன்னொன்று: பழைய கார்களில், இரும்புக் கையால் கண்ணாடியைத் தூக்கும் மிஷின்கள் பலவற்றில் கண்ணாடியின் எடையைத் தாங்க பெரிய சுருள் ஸ்பிரிங் ஒன்று முறுக்கேறி நிற்கும். மோட்டாரை மட்டும் கழற்றினால் அந்த முறுக்கு முழுவதும் ஒரு நொடியில் அவிழும். உங்கள் மிஷினில் அப்படி இருந்தால் முதலில் மோட்டார் திருப்பும் பல்தகட்டை சட்டத்தோடு போல்ட் போட்டுப் பூட்டிவிட்டு அப்புறம் மோட்டாரைத் தொடுங்கள்.

மிஷின் வெளியே வந்ததும் ஒரு காரணம் கண்ணில் பட்டது. மோட்டாரின் சிறு பற்சக்கரம் விசிறி போன்ற ஒரு பல்தகட்டைத் திருப்பும். அதோடு சேர்ந்த இரும்புக் கை மேலே எழும். கையின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்லைடர், கண்ணாடிக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் வழுக்கி ஓட வேண்டும். ஆலையில் தடவிய கிரீஸ் வற்றி, பழுப்பு மெழுகாகிக் கெட்டிப்பட்டிருந்தது. ஸ்லைடர் நடுவில் பிளந்திருந்தது. பிளந்த ஸ்லைடர் தண்டவாளத்துக்குள் நேராக நிற்காமல் சாய்ந்து, ஆப்பு மாதிரி கடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. கட்டைவிரல் அகலம்கூட இல்லாத துண்டு அது.

பெரிய இறுக்கம் அங்கேயும் இல்லை. மிஷின் இல்லாமல் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். நல்ல கதவில் அது தன் எடையிலேயே இறங்கப் பார்க்கும். இங்கே கீழே தள்ளவே பலம் வேண்டியிருந்தது. கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங்குக்குள் யாரோ எப்போதோ சாதாரண கிரீஸை அப்பியிருந்தார்கள். போட்ட அன்று நிச்சயம் சல்லென்று ஓடியிருக்கும். ஆனால் பெட்ரோலிய எண்ணெயும் கிரீஸும் இந்த வகை ரப்பரை ஊற வைத்துப் பருக்கச் செய்யும். பருத்த ரப்பர் கண்ணாடியின் இரு விளிம்பையும் நெரிக்கும். போதாததற்கு கிரீஸ் தெருத்தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே இருந்த மெல்லிய வெல்வெட் பூச்சு தேய்ந்து, மணலும் கிரீஸும் சேர்ந்த கறுப்புப் பசையில்தான் கண்ணாடி இத்தனை நாள் ஏறி இறங்கியிருக்கிறது. விளிம்போரமாக நீள நீளமாகக் கீறல்கள். அவை இனிப் போகாது. பார்க்கும்போதெல்லாம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

புதுப்பேட்டையில் இரண்டு சனிக்கிழமை அலைந்ததில் புது பீடிங்கும் ஸ்லைடர்களும் கிடைத்தன. மோட்டாரையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அங்கே நாற்பது வருடமாக டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் பார்க்கும் ஒரு பாய் இருக்கிறார். மோட்டாரைக் கையில் வாங்கி, காதருகே வைத்துச் சுழற்றிப் பார்த்தார்.

"இதை எதுக்குத் தம்பி கழட்டினீங்க?"

"ஸ்லோவா இருக்குன்னு சொன்னாங்க, பாய்."

"இதுவா ஸ்லோ? மோட்டாரைச் சொல்லாதீங்க, அது இழுக்கிற வண்டியைப் பாருங்க."

மேசையில் 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினார். சுமையில்லாமல் 2 ஆம்பியர். அச்சைப் பிடியில் இறுக்கி ஒரே ஒரு கணம் கரண்ட் கொடுத்தார், 23 ஆம்பியர். மேலே சொன்ன அரை ஓம் கணக்கு வந்தது இதிலிருந்துதான். பிரித்துப் பார்த்ததில் கார்பன் பிரஷ் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. கரித்தூளை ஊதி, சுழலும் பாகமான ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களைச் சுத்தம் செய்து, வார்ம் கியருக்குப் புது கிரீஸ் வைத்து மூடினார். உள்ளே இருக்கும் காந்தம் பீங்கான் மாதிரி, சுத்தியல் பட்டால் விண்டுவிடும் என்று அவர் கூட்டைத் தட்டாமல் கையாலேயே நெம்பித் திறந்ததை நான் மறக்கமாட்டேன். கூலி வாங்க மாட்டேன் என்றார், டீக்கு மட்டும் சம்மதித்தார்.

பூட்டியதும் கிடைத்த அளவுகளும்

பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, பற்களுக்கும் தண்டவாளத்துக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ். பீடிங்குக்கு சிலிக்கான் ஸ்பிரே மட்டும், அதுவும் துணியில் அடித்துத் தடவினேன். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளில் அடைத்திருந்த சகதியைக் குச்சியால் குத்தி எடுத்தேன். டோர் பேடுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாளை முன்பு யாரோ கிழித்து எறிந்திருந்தார்கள். அது அலங்காரம் இல்லை. கண்ணாடி வழியே இறங்கும் மழைத் தண்ணீர் பேடுக்கு வராமல் தடுப்பது அதுதான். கெட்டியான பாலித்தீனை வெட்டி ஒட்டினேன்.

போல்ட்டுகளை இறுக்குவதில் ஒரு பக்குவம் உண்டு. எல்லாவற்றையும் லேசாக மட்டும் முடுக்கி, கண்ணாடியை இரண்டு முறை முழுதாக ஏற்றி இறக்கி, தண்டவாளம் தன் இடத்தைத் தானே தேடி உட்கார்ந்த பிறகு, கண்ணாடி மேலே இருக்கும் நிலையில் இறுக்க வேண்டும். முதல் தடவை நான் கீழே வைத்து இறுக்கிவிட்டேன். மேல் மூலையில் கண்ணாடி உரசியது, 8 ஆம்பியர். தளர்த்தி மறுபடி செய்தேன்.

இப்போது ஏற 5.5 நொடி, இறங்க 5. கரண்ட் 6.5 ஆம்பியர். மோட்டார் முனையில் 12.8 வோல்ட். தொடர்ந்து பத்து முறை ஏற்றி இறக்கியும் நிற்கவில்லை. செலவு, புது மோட்டாருக்கு எலக்ட்ரீஷியன் சொன்ன தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை.

நண்பர்கள் பலரும் கேட்டது, சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேயைத் தனியாகப் போட்டு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்திருக்கலாமே என்பது. செய்யலாம். சுவிட்ச் வழியாகவே மோட்டாரின் முழுக் கரண்டும் போகும் கார்களில் ரிலே நல்ல ஏற்பாடுதான், புது சுவிட்ச் கிடைக்காத வண்டிகளுக்கு அதுவே வழி. ஆனால் முதல் மருந்தாக வேண்டாம் என்பது என் கருத்து. கெட்டிப்பட்ட மிஷினுக்கு முழு வோல்ட்டையும் கொடுத்தால் மோட்டார் பலமாக நெட்டித் தள்ளும், பிளந்த ஸ்லைடர் உடைந்து கண்ணாடி கதவுக்குள் விழும். இறுக்கத்தை எடுத்துவிட்டு, அப்புறமும் வோல்ட் போதவில்லை என்றால் ரிலேயைப் பற்றி யோசிக்கலாம்.

1991-ல் வந்த டாடா சியராவில் தொடங்கி, நம் ஊரில் பவர் விண்டோ உள்ள பழைய கார்கள் நிறைய ஓடுகின்றன. மிஷினின் அமைப்பு மாறும், கை இருக்கும் இடத்தில் கேபிள் இருக்கலாம். கனெக்டரை மாட்டியபடி, கண்ணாடி ஓடும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் சேர்த்து அளக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். 600 என்ற பெரிய பென்ஸ் விதிவிலக்கு; 1963-ல் வந்த அந்தக் காரில் கண்ணாடியை ஏற்றுவது எண்ணெய் அழுத்தம், மோட்டார் இல்லை.

அந்த எலக்ட்ரீஷியன் பையனிடம் அளவுகள் எழுதிய தாளைக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டான். அடுத்த வாரம் போன் செய்தான்: "அண்ணே, ஒரு வண்டி வந்திருக்கு, கனெக்டரை மாட்டியே அளந்தேன். எர்த்ல ரெண்டு வோல்ட் போகுது." பின் இடது கண்ணாடி என் காரில் இன்னும் 8 நொடி எடுக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரிக்கிறோம், அவனும் வருகிறான்.